வீட்டில் சோப்பு செய்ய காஸ்டிக் சோடா: எது, எங்கே, எப்படி வாங்குவது?

சோப்பு செய்கிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு தேங்காய் எண்ணெய், அச்சு, வாசனை எண்ணெய் எல்லாம் வாங்கி வைத்தபின் பலரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். ‘லை’ என்கிறார்களே, அது எங்கே கிடைக்கும்? மளிகைக் கடையில் கேட்டால் முழிக்கிறார்கள், மெடிக்கலில் கேட்டால் அப்படி ஒன்றும் வருவதில்லை என்கிறார்கள், கெமிக்கல் கடையில் கேட்டால் எத்தனை கேன் வேண்டும் என்கிறார்கள்.

கடையில் கேட்க வேண்டிய பெயர் காஸ்டிக் சோடா. வேதியியல் பெயர் சோடியம் ஹைட்ராக்சைடு. வெள்ளையாக, செதில் செதிலாகவோ குட்டி மணிகளாகவோ இருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்தால் வருவதுதான் லை. கெமிக்கல் கடைக்காரரிடம் வெறுமனே ‘லை’ என்று கேட்டால் தொழிற்சாலைகளுக்கு டேங்கரிலும் கேனிலும் போகிற, 48 சதவீத அளவில் கரைத்த திரவத்தைத்தான் அவர் நினைப்பார். அது நமக்கு வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இது இல்லாமல் சோப்பு செய்ய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காஸ்டிக் சோடா அந்தப் பிணைப்பை உடைத்து, கொழுப்பு அமிலத்தோடு தான் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சேர்க்கைதான் சோப்பு, விடுபட்ட கிளிசரின் சோப்புக்குள்ளேயே தங்கிவிடும். அளவு சரியாக இருந்தால் கடைசியில் காஸ்டிக் ஒரு துளிகூட மிஞ்சாது. ‘காஸ்டிக் இல்லாத சோப்பு’ என்று விற்பவர்கள் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் சோப் பேஸை உருக்கி, குப்பைமேனிப் பொடியோ நலங்கு மாவோ கலந்து அச்சில் ஊற்றுகிறார்கள். தப்பில்லை, ஆரம்பத்துக்கு நல்ல வழியும்கூட. ஆனால் அந்தப் பேஸைச் செய்த ஆலையில் எண்ணெயையோ கொழுப்பு அமிலத்தையோ காஸ்டிக்கோடு சேர்த்துத்தான் செய்திருப்பார்கள்.

சோடா என்று பெயர் இருப்பதால் வீட்டில் இருக்கிற வேறு சோடாவைப் போட்டுப் பார்க்கிற ஆசை வரும். ஆப்ப சோடா வேலைக்கே ஆகாது, அவ்வளவு மென்மையான காரம் அது. துணிக்குப் போடுகிற சலவைச் சோடா அதைவிடக் காரமானதுதான், ஆனாலும் நாம் செய்கிற முறையில் எண்ணெயைச் சோப்பாக்கும் அளவுக்கு வலுவில்லை. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு? எண்ணெயோடு சேரும், ஆனால் வருவது கால்சியம் சோப்பு. உப்புத் தண்ணீரில் குளிக்கும்போது நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து வாளி ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் அந்தச் சோப்பு, தண்ணீரில் கரையவே கரையாது. மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் கடைகளில் ‘லை வாட்டர்’, ‘ஆயர் அபு’ என்று சின்னப் பாட்டிலில் பார்த்திருப்பீர்கள். நூடுல்ஸுக்கும் பலகாரத்துக்கும் சேர்க்கிற அந்தத் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட், சோப்புக்கு உதவாது.

சலவைச் சோடாவையும் சுண்ணாம்பையும் சேர்த்தால் காஸ்டிக் வருமே என்று வேதியியல் படித்த யாராவது சொல்வார்கள். வரும். சலவைச் சோடாக் கரைசலில் நீர்த்த சுண்ணாம்பைப் போட்டுச் சூடாக்கினால் சுண்ணாம்புக் கார்பனேட் அடியில் படிந்து, மேலே காஸ்டிக் கரைசல் நிற்கும். மின்சாரத்தில் தயாரிக்கும் முறை வருவதற்கு முன்னால் உலகமே இப்படித்தான் தயாரித்தது. ஆனால் வீட்டில் இப்படிச் செய்தால் கிடைப்பது நீர்த்த கரைசல், அதில் எத்தனை கிராம் காஸ்டிக் இருக்கிறது என்று சொல்ல வழியே இல்லை. அளவு தெரியாத காஸ்டிக்கை வைத்துச் செய்கிற சோப்பு ஒன்று எண்ணெய்ப் பிசுக்காக நிற்கும், இல்லாவிட்டால் தோலைச் சுடும்.

சாம்பல் தண்ணீருக்கும் இதே கதைதான். மரச் சாம்பலை ஊறவைத்து வடித்தால் கிடைப்பதில் முக்கியமானது பொட்டாசியம் கார்பனேட். அதைக் காய்ச்சிச் சுண்டவைத்து, முட்டையைப் போட்டால் மிதக்கிற பதம் வந்ததும் கொழுப்போடு நாள் கணக்கில் வேகவைத்துத்தான் அந்தக் காலத்தில் பல நாடுகளில் சோப்பு செய்தார்கள், அதுவும் கட்டியாக இல்லாமல் களிபோல இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் வாழைக்காய்த் தோல், கொக்கோ ஓடு இவற்றின் சாம்பலில் இன்றும் கறுப்புச் சோப்பு செய்கிறார்கள், அருமையான சோப்பு, ஆனால் அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். நம் ஊரில் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைக்கும்போது உவர்மண்ணைப் பயன்படுத்தினார்கள், அதிலும் காரம்தான் அழுக்கை எடுத்தது, சோப்பு என்று தனியாக ஒன்று செய்யவில்லை. ‘இயற்கை முறை’ என்று சாம்பலில் ஆரம்பிக்க நினைக்கும் புதியவர்களுக்கு என் ஆலோசனை, முதலில் கடைக் காஸ்டிக்கில் கை பழகுங்கள் என்பதுதான்.

கடைக் காஸ்டிக் ஒன்றும் வேற்றுக் கிரகப் பொருள் இல்லை, அதன் மூலப்பொருள் சமையல் உப்பு. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் கிடைக்கும். மேட்டூர், மணலி, ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் சாகுபுரம், அந்தப் பக்கம் காரைக்கால் என்று நம்மைச் சுற்றியே ஆலைகள் இருக்கின்றன. சாயப்பட்டறையில், காகித ஆலையில், பருத்தி நூலுக்குப் பளபளப்பு ஏற்றுகிற இடத்தில் எல்லாம் மூட்டை மூட்டையாகப் போகிறது. அதனால் பொருளுக்குப் பஞ்சம் கிடையாது. ஒரு கிலோ மட்டும், அதுவும் நல்ல நிலையில் இருப்பதாக வாங்குவதுதான் பாடு.

எங்கே போவது? பினாயில், பிளீச்சிங் பவுடர், சோப் ஆயிலுக்கான மூலப்பொருள் இவற்றை விற்கும் கெமிக்கல் கடை மாவட்டத் தலைநகரங்களில் எல்லாம் ஒன்றாவது இருக்கும், முதலில் அங்கே. சென்னையில் பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் இருப்பவர்கள் சாயக் கெமிக்கல் கடையில் கேட்கலாம். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை: பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குச் சாமான் கொடுக்கிற கடை. அங்கே அரைக் கிலோ பாட்டிலாகவே கிடைக்கும். ஆன்லைனிலும் சோப்பு மூலப்பொருள் விற்பவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள், அரிக்கும் பொருள் என்பதால் பார்சல் வரக் கொஞ்சம் நாளாகலாம், அவ்வளவுதான்.

ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டபின் வாங்குபவரின் அடையாள அட்டை, முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று வந்தது. அந்தப் பழக்கத்தில் சில கடைகளில் காஸ்டிக்குக்கும் கேட்பார்கள். வீட்டில் சோப்பு செய்ய என்று நேராகச் சொல்லிவிடுங்கள், கடைக்காரரே சோப்புக்கு எது சரி என்று எடுத்துக் கொடுக்கவும் வாய்ப்பு உண்டு.

இனி எதை வாங்குவது. தொழிற்சாலைத் தரம் பெரும்பாலும் செதில், கடையில் ‘பிளேக்ஸ்’ என்பார்கள். 98 சதவீதமோ அதற்கு மேலோ தூய்மை இருக்கும், விலையும் மலிவு. ஆய்வகத் தரம் சின்ன வெள்ளை மணிகள், ‘பெல்லட்ஸ்’. லேபிளில் எல்.ஆர். (சாதாரண ஆய்வகத் தரம்) அல்லது ஏ.ஆர். (நுணுக்கமான பகுப்பாய்வுக்கான தரம்) என்று போட்டு, குறைந்தபட்சத் தூய்மை 97, 98 என்று அச்சிட்டிருக்கும். விலை பல மடங்கு. தூய்மையைப் பொறுத்தவரை இரண்டும் சோப்புக்குப் போதும். ஏ.ஆர். எல்லாம் பரிசோதனைக் கூடத்துக்கு, அதற்குக் காசைக் கொட்டுவது வீண். கரைத்து கேனில் ஊற்றி வைத்திருக்கும் திரவத்தை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அது நிஜமாகவே 48 சதவீதமா, கடையில் தண்ணீர் சேர்த்தார்களா, கேன் எத்தனை நாள் திறந்து கிடந்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

செதிலில் உள்ள சிக்கல் தரம் இல்லை, சில்லறை விற்பனை. 25 அல்லது 50 கிலோ மூட்டையைப் பிரித்து, வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளி அள்ளி பாலித்தீன் கவரில் கட்டிக் கொடுப்பார்கள். காஸ்டிக் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கூடவே கரியமில வாயுவையும் இழுத்து மெல்ல மெல்லச் சலவைச் சோடாவாக மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய் திறந்து கிடந்த மூட்டையின் மேல்பகுதியிலிருந்து உங்களுக்கு ஒரு கிலோ வந்தால், மூட்டையின் மேல் 98 சதவீதம் என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே கிடையாது. எனவே கவரைப் பார்த்து வாங்குங்கள். செதில்கள் தனித்தனியாக, காய்ந்து, குலுக்கினால் சலசலவென்று உதிர வேண்டும். கட்டி கட்டியாக இருந்தாலோ, பிசுபிசுவென்று கவரில் ஒட்டியிருந்தாலோ, மாவு பூத்தாற்போல் மேலே வெள்ளை படிந்திருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். கம்பெனியிலேயே சீல் போட்ட ஒரு கிலோ பாக்கெட் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. முதல்முறை செய்பவர் என்றால் நான் அரைக் கிலோ எல்.ஆர். பாட்டிலையே சொல்வேன், மூடி சீலோடு வரும், தூய்மை எவ்வளவு என்று லேபிளே சொல்லும், சோப்பு சரியாக வராவிட்டால் சந்தேகப்பட ஒரு பொருள் குறையும்.

பெயரில் ஒரு குழப்பம் நடக்கும், கவனம். காஸ்டிக் பொட்டாஷ் என்று இன்னொன்று இருக்கிறது, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது திரவச் சோப்புக்கு. அதே வேலையைச் செய்ய சோடாவைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு எடை வேண்டும், கடையில் கிடைப்பது வழக்கமாக 85 முதல் 90 சதவீதத் தூய்மைதான். கட்டிச் சோப்புக்கு அதைப் போட்டால் எத்தனை வாரம் வைத்தாலும் கெட்டிப்படாது.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் பொடியை வாங்கலாமா என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும், அதிலும் காஸ்டிக்தானே என்று. காஸ்டிக்தான், ஆனால் பலவற்றில் கூடவே அலுமினியத் துகள், நுரைக்கும் பொருள், நிறம், வாசனை என்று என்னென்னவோ இருக்கும். அலுமினியமும் காஸ்டிக்கும் சேர்ந்தால் கொதித்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு கிளம்பும். குழாய் அடைப்புக்கு அந்தக் கொதிப்பு நல்லது, உங்கள் சோப்புப் பாத்திரத்துக்கு நல்லதில்லை. அடைப்பு நீக்கும் பொடிகளில், லேபிளில் 100 சதவீதம் சோடியம் ஹைட்ராக்சைடு என்று தெளிவாக எழுதியிராத எதையும் தொட வேண்டாம். இதே காரணத்தால் வீட்டு அலுமினியக் குண்டானும் கரண்டியும் சோப்பு வேலைக்கு வரவே கூடாது. எவர்சில்வர் போதும், பிளாஸ்டிக் என்றால் அடியில் 2 அல்லது 5 என்று எண் போட்ட கெட்டியான டப்பா.

இப்போது தூய்மையைப் பற்றி ஏன் இவ்வளவு பேசினேன் என்பதற்குக் கணக்கு. ஒவ்வொரு எண்ணெய்க்கும் எவ்வளவு காஸ்டிக் என்பது தனித்தனி. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம், கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. 300 கிராம் தேங்காய் எண்ணெய், 150 கிராம் கடலை எண்ணெய், 50 கிராம் விளக்கெண்ணெய் என்று ஒரு கலவை எடுத்தால் மொத்தம் 81.7 கிராம் வருகிறது. எல்லா எண்ணெயும் சோப்பாகிவிட்டால் தோல் வறளும், அளவில் துளி பிசகினாலும் காஸ்டிக் மிஞ்சும் என்பதால் 5 சதவீதம் குறைத்துப் போடுவது வழக்கம். ஆக, 77.6 கிராம். இதைக் கரைக்கத் தண்ணீர் அதைப்போல் இரண்டு மடங்கு, 155 கிராம்.

உங்கள் காஸ்டிக் ஈரம் குடித்து 85 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போட்ட 77.6 கிராமில் நிஜமான காஸ்டிக் 66 கிராம்தான். 5 சதவீதம் மிஞ்ச வேண்டிய எண்ணெய் 19 சதவீதம் மிஞ்சும். சோப்பு கொழகொழவென்று இருக்கும், நுரை குறையும், கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடித்துப் பழுப்புப் புள்ளி விழும். ஆளைச் சுடாது, எண்ணெய்க் காசு போச்சு, அவ்வளவுதான். ஆபத்து அடுத்த கட்டத்தில் வருகிறது. போன தடவை கெட்டிப்படவில்லையே என்று அடுத்த தடவை கண்ணளவாக ஒரு கை கூடப் போடுவார்கள், அதற்குள் புது பாக்கெட் நல்ல காஸ்டிக்காக வந்திருக்கும். தோல் எரிகிற சோப்பு பல வீடுகளில் இப்படித்தான் பிறக்கிறது.

இதைவிடச் சாதாரணமாக நடக்கிற ஒன்று மில்லி கணக்கு. நம் ஊரில் எண்ணெய் பாக்கெட் பலவற்றில் லிட்டரில்தான் வருகிறது, ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் 920 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். மேலே சொன்ன கலவையை 300, 150, 50 மில்லி என்று டம்ளரில் அளந்தால் மொத்த எடை 460 கிராம்தான், அதை முழுக்கச் சோப்பாக்கவே 75 கிராம் காஸ்டிக் போதும். நீங்கள் போட்டது 77.6. காஸ்டிக் மிச்சம். ஆகவே எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் மூன்றையும் தராசில் கிராமாகவே நிறுங்கள், ஒரு கிராம் துல்லியம் காட்டுகிற டிஜிட்டல் தராசு கட்டாயம். கைக்கணக்கு சரியா என்று பார்க்க ஆன்லைனில் சோப்புக் கால்குலேட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யாருடைய வீடியோவில் வந்த அளவாக இருந்தாலும் ஒருமுறை அதில் போட்டுப் பார்த்துவிடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு ‘ஒரு லிட்டருக்கு இத்தனை ஸ்பூன்’ என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

கரைக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, ஊற்றினால் ஒரே இடத்தில் சூடேறிக் குபுக்கென்று தெறிக்கும். சரியாகச் செய்தாலும் கரைசல் 80, 90 டிகிரி வரை சூடாகும், மூக்கில் ஏறுகிற ஆவி வரும், அதனால் மொட்டை மாடியோ கொல்லைப்புறமோ நல்லது. கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை. மூக்குக் கண்ணாடி போதாது, பக்கவாட்டிலும் மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள், ஆய்வகக் கடையிலேயே கிடைக்கும். தோலில் பட்டால் வினிகர், எலுமிச்சை என்று ஓடாமல் குழாயைத் திறந்து நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவமனை.

கரைசல் ஆறியபின் தெளிந்த தண்ணீராக நிற்க வேண்டும். லேசான மங்கல் பரவாயில்லை. அடியில் மண்டி, சாம்பல் நிறத் துகள், ஆறிய பிறகும் விடாமல் கிளம்பும் குமிழி என்று ஏதாவது தெரிந்தால் அதை எண்ணெயில் ஊற்ற வேண்டாம்.

மிச்சக் காஸ்டிக்கை வாங்கி வந்த பாட்டிலிலேயே, மூடியை இறுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். கரைத்த லையைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கிற வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், தாகத்தில் வருகிற பிள்ளை யோசிக்காமல் எடுத்து வாயில் வைத்துவிடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உணவுக்குழாய் இரண்டாம் தடவை வேகும். 108ஐக் கூப்பிட்டு, என்ன விழுங்கினார் என்று சொல்ல அந்தப் பாட்டிலையும் கூடவே கொண்டுபோங்கள்.

விற்கிற எண்ணம் இருந்தால் தனிக் கதை, 2020 காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வேண்டும், அதை விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

அப்புறம், பழசாகிக் கட்டி தட்டிப்போன காஸ்டிக்கைக் குப்பையில் போட வேண்டாம், அள்ளுகிறவர் கை வெந்துவிடும். சோப்புக்குத்தான் ஆகாதே தவிர, பச்சைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து ராத்திரி பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாயில் மெதுவாக ஊற்றி, காலையில் நிறையத் தண்ணீர் விட்டால் உள்ளே படிந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.